கை மாறும் படகு: வாங்குபவர் யாருக்குப் பொறுப்பு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இந்தத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த 61 நாட்களில் காசிமேடு, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி எங்கும் படகுகள் கரையேறும்; பலகை மாற்றுவார்கள், எஞ்சினை இறக்கிப் பிரிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். பழைய படகு வாங்க நினைப்பவருக்கும் இதுவே தோதான காலம். மிதக்கும்போது மறைந்திருக்கும் அடிப்பாகம் அப்போதுதான் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும்.

எஞ்சினைப் பார், பலகையைப் பார், பேப்பரைப் பார் என்று துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது முழுக்க வாங்குபவரின் பணத்தை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. போட்ட முதல் போய்விடக் கூடாது என்பதற்காக மட்டும்தான் விசாரிக்கிறோம் என்றால், நஷ்டத்தைத் தாங்கும் வசதியுள்ளவர் விசாரிக்காமலே வாங்கலாம் என்றாகிவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய படகு ஒன்றைத் தீர விசாரிப்பது, வாங்குபவர் மூன்று தரப்பாருக்குச் செலுத்த வேண்டிய கடன். நாளை அதில் ஏறப்போகிறவர்கள் ஒரு தரப்பு. நேற்றுவரை அதில் உழைத்தவர்கள் இன்னொரு தரப்பு. அந்தப் படகு வலைபோடும் அதே கடலை நம்பிப் பிழைப்பவர்கள் மூன்றாவது தரப்பு.

முதலில் சட்டம். படகு அசையும் சொத்து. அதன் விற்பனைக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் பொருந்தும். ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. அதற்குத் தரப்பட்ட முதல் மூன்று உதாரணங்கள் குதிரையைப் பற்றியவை என்றாலும் படகுக்கு அப்படியே பொருந்துகின்றன. குதிரைக்குக் கோளாறு என்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. வாங்குபவர் அவருடைய சொந்த மகள், அப்போதுதான் மேஜரானவள் என்றால், உறவின் காரணமாகவே அவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் ஆகிறார். மூன்றாவது உதாரணம்தான் முக்கியம். நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன் என்கிறார் வாங்குபவர். விற்பவர் பேசாமல் நிற்கிறார். அந்த மௌனத்தைச் சட்டம் பேச்சாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

படகு வாங்குபவர் இதை அப்படியே பயன்படுத்தலாம். ‘ஏராவில் (அடிமரத்தில்) ஒட்டு இல்லை, எஞ்சின் தண்ணீரில் மூழ்கியது இல்லை, படகின்மேல் கடன் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் இப்போதே சொல்லுங்கள்’ என்று இரண்டு சாட்சிகள் முன்னால் கேட்க வேண்டும், வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது. கேட்காமல் வாங்கியவரிடம் சட்டம் இரக்கம் காட்டுவதில்லை. விற்பவரின் மௌனமே மோசடி என்று நிரூபித்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது என்கிறது 19-ஆவது பிரிவின் விதிவிலக்கு. சரக்கு விற்பனைச் சட்டமும் ஏறக்குறைய இதே பாதையில்தான் போகிறது. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டு, பொருளின்மேல் மறைத்துவைத்த பாரம் இல்லை என்ற அளவுக்கு 14-ஆவது பிரிவு உத்தரவாதம் தருகிறது. பொருளின் தரத்துக்கு, தொழில்முறையாக விற்பவரிடம் வாங்குவது போன்ற சில சூழல்களைத் தவிர, உத்தரவாதம் கிடையாது.

மௌனம் குற்றமா என்பது சட்டத்துக்கும் முந்திய வழக்கு. கி.மு. 44-இல் எழுதிய ‘கடமைகள்’ நூலின் மூன்றாம் பகுதியில் ரோமானிய அறிஞர் சிசரோ இதை விரிவாக அலசுகிறார். குறையுள்ள வீட்டை விற்பவர் அதைச் சொல்ல வேண்டியதில்லை, பொய் சொல்லாமல் இருந்தால் போதும் என்பது டயோஜினஸ் என்ற தத்துவவாதியின் கட்சி. அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார். சிசரோவின் தீர்ப்பு மாணவர் பக்கம். அதே நூலில் சிரக்யூஸ் நகரத்து பித்தியஸ் கதையும் வருகிறது. தோட்டம் ஒன்றை விற்க நினைத்த இந்த வட்டிக்கடைக்காரர் மீனவர்களை அழைத்து, தோட்டத்துக்கு எதிரே படகுபடகாக வந்து மீன்பிடித்துக் காட்டச் சொல்கிறார். வாங்க வந்த கேனியஸ் என்பவர் மயங்கி, கேட்ட விலைக்கு வாங்குகிறார். மறுநாள் பார்த்தால் ஒரு படகுகூட இல்லை. நம் துறைமுகங்களில் ‘ராசியான படகு’ என்று சொல்லி விலையை ஏற்றுவதும், நல்ல மீன்பாடு கிடைத்த வாரத்தின் ஏலச் சீட்டை மட்டும் எடுத்துக் காட்டுவதும் பித்தியஸின் வம்சம்தான். ஒரு வருடக் கணக்கைக் கேட்டால் ராசி எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இனிப் படகுக்கே வருவோம். மரப் படகில் முதலில் பார்க்க வேண்டிய இடம் மீன் அறையின் அடி. கடல் உப்பு மரத்தை ஓரளவு காக்கும். மரத்தை அழுக வைப்பது நல்ல தண்ணீர். ஐஸ் உருகித் தேங்கும் தண்ணீர் பல வருடம் ஊறி, மேலே உறுதியாகத் தெரியும் பலகையை உள்ளே மாவாக்கியிருக்கும். கூரான ஊசியால் குத்தினால் எதிர்க்காமல் உள்ளே இறங்கும் இடமெல்லாம் அழுகல். ஏராவோடு அடிப்பலகை சேரும் வரிசை, எஞ்சினைத் தாங்கும் கட்டைகள், பின்பக்கத்தில் சுக்கான் இறங்கும் துளை ஆகியவற்றை விட்டுவிடக் கூடாது. ஆணித் தலைகளைச் சுற்றித் துருக்கறை வழிந்திருந்தால் ஆணி மெலிந்துவிட்டது என்று அர்த்தம். பலகை நன்றாக இருந்தும் படகு கழன்றுவிடும். கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டியிருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, சுரண்டினால் போய்விடும். மரத்தைத் துளைக்கும் கடற்புழு வேறு வகை. வெளியே குண்டூசி அளவு ஓட்டை, உள்ளே விரல் நுழையும் சுரங்கம்.

இதையெல்லாம் பெயின்ட் அடிப்பதற்கு முன் பார்க்க வேண்டும். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் பளபளவென்று நிற்கும் படகைப் பார்த்து வாங்குவது, திரை போட்ட கடையில் துணி எடுப்பதுபோல.

ஃபைபர் படகில் பார்வையைவிடக் காது உதவும். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமாகும். அங்கே அடுக்குகள் பிரிந்திருக்கின்றன. வெளிப்பொருத்து எஞ்சினை மாட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி அது அழுகினால் எஞ்சின் ஒருநாள் பலகையோடு பிய்ந்து போகும். வயதைவிட யார் கட்டியது என்பதே இங்கே பெரிய கேள்வி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது, அனுபவமில்லாத பட்டறைகளும் முளைத்தன. தரமில்லாத படகுகள் கரைக்கு வருவதைப் பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் மீனவர் கூட்டமைப்புகளும் அன்றே எச்சரித்தன. தானமாக வந்த படகை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. இரும்புப் படகென்றால் தகட்டின் கனத்தை அளக்கும் மீட்டரோடு ஆள் வர வேண்டும், கண்ணளவு உதவாது.

எஞ்சினைப் பார்க்கப் போகிறவர் சொல்லாமல் போவது நல்லது. முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்த எஞ்சின் யார் கைக்கும் உடனே கிளம்பும். நோய் தெரிவது குளிர்ந்த எஞ்சினில்தான். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டரோ சுமையோ சரியில்லை. ஆனால் தடைக்காலத்தில் வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. அடிப்பாகத்தைப் பார்க்கலாம், வெள்ளோட்டம் பார்க்க முடியாது. விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, தடை முடிந்து சுமையோடு சில மணி நேரம் ஓட்டிப் பார்த்த பிறகு தருவதாக எழுதிக்கொள்வதே வழி. நேர்மையான விற்பவர் இதற்கு மறுப்புச் சொல்லக் காரணம் இல்லை.

இவ்வளவும் எதற்கு? 1877-இல் இங்கிலாந்தின் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் ‘நம்பிக்கையின் அறம்’ என்ற கட்டுரையை ஒரு கப்பல் முதலாளியை வைத்துத் தொடங்குகிறார். கப்பல் பழசு, பலமுறை பழுது பார்த்தது. புலம்பெயரும் குடும்பங்கள் அதில் ஏறக் காத்திருக்கின்றன. செலவு செய்து சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் முதலாளியை உறுத்துகிறது. இத்தனை முறை பத்திரமாகப் போய் வந்த கப்பல்தானே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, மனப்பூர்வமாக நம்பியே அனுப்பிவைக்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொள்கிறார். அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரை விடுவிக்காது, அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை என்பது கிளிஃபோர்டின் வாதம். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றமே என்று அவர் இன்னும் ஒரு படி போகிறார். அது வெறும் தத்துவப் பேச்சாக இருக்கவில்லை. ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே அழைக்கப்பட்ட ஓட்டைக் கப்பல்களுக்கு எதிராக சாமுவேல் பிளிம்சால் அந்த ஆண்டுகளில்தான் நாடாளுமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தார். 1876-இல் பிரிட்டன் அதற்காகச் சட்டமும் கொண்டுவந்தது.

விசைப்படகு வாங்கும் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, பெரும்பாலும் தானே கடலுக்குப் போவதில்லை. போகிறவர்கள் டிரைவரும் பங்குக்கு வேலை செய்யும் தொழிலாளர்களும். அவர்கள் ஏராவைக் குத்திப் பார்த்துவிட்டு வேலைக்குச் சேர்வதில்லை. சம்மாட்டி பார்த்திருப்பார் என்று நம்பி ஏறுகிறார்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரி மீனவர்களை ஆழ்கடலில் பிடித்தபோது, அலையைத் தாங்கும் உடலும் நின்றுவிடாத எஞ்சினும் உயிருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதைக் கரையே பார்த்தது. ரேடியோ, மிதவை, மிதவைச் சட்டை, அரசு பொருத்திய டிரான்ஸ்பாண்டர் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்ப்பதை விலைபேசும் பட்டியலின் கடைசியில் வைப்பவர், கிளிஃபோர்டின் முதலாளிக்கு மிக அருகில் நிற்கிறார்.

அடுத்தது பேப்பர். மீன்பிடிப் படகின் பதிவெண் ‘ஐஎன்டி – டிஎன்’ என்று தொடங்கி, இடத்துக்கான எண், விசைப்படகென்றால் ‘எம்எம்’, எஞ்சின் பொருத்திய நாட்டுப் படகென்றால் ‘எம்ஓ’, பிறகு வரிசை எண் என்று நீளும். பதிவுச் சான்றில் உள்ள நீளம், எஞ்சின் எண், குதிரைத்திறன் மூன்றும் எதிரே நிற்கும் படகோடு ஒத்துப்போக வேண்டும். தமிழக விதிகள் நீளத்துக்கு 24 மீட்டர், எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் என்று எல்லை வைத்திருக்கின்றன. அதற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்திவிட்டுப் பழைய சான்றைக் காட்டுகிறவரிடம் வாங்கினால், படகோடு விதிமீறலையும் சேர்த்தே வாங்குகிறோம். மானியத்தில் கட்டிய படகென்றால் இன்னும் கவனம் வேண்டும். பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்ப 2017-இல் வந்த திட்டத்தில், 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் தந்தன. முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மக்கள் பணம் இருக்கும் படகு அது. அதை மீன்வளத்துறையின் அனுமதி இல்லாமல் கை மாற்றுவதில் விற்பவர், வாங்குபவர் இருவருமே தவறு செய்கிறார்கள்.

வெள்ளைத் தாளில் எழுதி, சங்கத்தில் சொல்லிவிட்டு, பெயர் மாற்றத்தை ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பழக்கத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தால், உரிமையாளர் ஆவணங்களோடு அங்குள்ள நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும். உரிமையாளர் வராத படகு அரசுடைமை ஆகும். பணம் கொடுத்தவர் பெயரில் பேப்பர் இல்லை, பேப்பரில் பெயர் இருப்பவருக்குப் படகில் அக்கறை இல்லை என்றால் யார் போவது? விற்றவருக்கும் ஆபத்து குறைவில்லை. கடல் அட்டை, பீடி இலை, கஞ்சா கடத்தலில் படகு சிக்கினால் காவல்துறை முதலில் தட்டுவது பதிவேட்டில் உள்ளவரின் கதவைத்தான்.

இதுவரை சொன்னது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது, அல்லது தெரிந்தும் பேசாதது, தொழிலாளர் பாக்கி. 2017-இல் இயற்றப்பட்டு 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அட்மிரால்டி சட்டம், கலத்தில் வேலை செய்தவர்களுக்குச் சேர வேண்டிய ஊதியத்தையும் மற்றத் தொகைகளையும் அந்தக் கலத்தின்மேலேயே ஏறிய பற்றுரிமையாக வைக்கிறது. உரிமையாளர் மாறினாலும் அந்தப் பற்று நீங்காது. மற்ற வகைப் பற்றுரிமைகள் ஓராண்டில் காலாவதியாகும், ஊதியத்துக்கு இரண்டாண்டு. பற்றுரிமைகளின் வரிசையில் முதலிடமும் ஊதியத்துக்கே. சட்டத்தின் வரையறையில் படகும் அடக்கம். மாதச் சம்பளம் இல்லை, பங்குதானே என்று தட்டிக்கழிப்பவர்கள் இருப்பார்கள். ‘மற்றத் தொகைகள்’ என்று சட்டம் சேர்த்துச் சொல்லியிருப்பதைப் பார்க்கும்போது அந்த வாதம் எனக்கு வலுவாகப் படவில்லை. நடைமுறையில் எந்தத் தொழிலாளியும் நாலைந்து ஆயிரம் பாக்கிக்காக உயர் நீதிமன்றம் போய்ப் படகை நிறுத்தப்போவதில்லை என்பதும் உண்மை. வழக்கு வராது என்பதால் கடன் இல்லை என்றாகுமா? பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைச் சம்மாட்டியிடம் கொடுப்பது வாங்குபவரால் முடிகிற காரியம்.

கடன் எதிர்த்திசையிலும் ஓடும். டிரைவரும் தொழிலாளர்களும் பழைய சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ‘படகோடு ஆட்களும் வருவார்கள்’ என்று அந்த முன்பணத்தை விலையில் சேர்ப்பதுண்டு. மனிதர்கள் படகின் உதிரிப்பாகம் இல்லை. புதிய முதலாளியிடம் வேலை செய்ய விருப்பமா என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும். மீன் வியாபாரியிடம் சம்மாட்டி வாங்கிய கடனும் இப்படியே. அது தீரும்வரை பிடித்த மீனை அவருக்கே தர வேண்டும் என்ற கட்டு, பேப்பரில் இல்லாமலே படகோடு வரும்.

ஜிபிஎஸ் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பழைய டிரைவர் பல வருடம் தேடிச் சேர்த்த, மீன் கிடைக்கும் கடலடிப் பார்களின் குறிகள் இருக்கும். கருவியை விற்கலாம். குறிகள் யாருடைய சொத்து? டிரைவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்வது சரியில்லை என்பேன். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

மூன்றாவது தரப்பு, மற்ற மீனவர்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையை ஒட்டிய கடற்பகுதியில் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. அது நாட்டுப் படகுகளின் இடம். ராமேசுவரத்தில் விசைப்படகு வாங்குகிறவர் இன்னொரு கேள்வியையும் எதிர்கொள்ள வேண்டும். பாக் நீரிணையின் இந்தியப் பக்கம் குறுகலானது. இழுவை மடிக்கு, அதாவது கடலடியை வாரும் இழுவலைக்கு, அங்கே போதிய இடமில்லை. இலங்கைக் கடல் எல்லையைத் தாண்டாமல் கடன் அடைக்க முடியாத விலைக்கு ஒரு இழுவைப் படகை வாங்குகிறவர், எல்லை தாண்டும் முடிவையும் அன்றைக்கே எடுத்துவிடுகிறார். அந்தப் பக்கத்தில் வலை கிழிந்து நிற்பவர்களும் தமிழ் மீனவர்களே. இலங்கை 2017-இலேயே இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது.

இதன் மறுபக்கமும் உண்டு. 2022 பிப்ரவரியில் காரைநகர், காங்கேசன்துறை, கிராஞ்சி, தலைமன்னார், கற்பிட்டி ஆகிய இடங்களில், பிடிபட்ட தமிழகப் படகுகள் 105-ஐ ஏலம் விடுவதாக இலங்கை அரசு அறிவித்தது. தமிழக அரசு எதிர்த்தது. அந்த ஏலத்தில் வாங்குவது அறமா? சட்டப்படி உரிமை தெளிவாகவே மாறுகிறது. இழந்த வலைக்கு ஈடு கிடைத்தது என்று இலங்கையின் வடபகுதி மீனவர் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. தமிழகக் கரையில் கடனோடு நிற்கும் குடும்பத்தின் பிழைப்பு அது என்பதும் பொய்யில்லை. வாங்கலாம், ஆனால் அதே படகை அதே இழுவை மடியோடு ஓட்டினால் வாங்கியவருக்குப் புகார் சொல்லும் தகுதி போய்விடும் என்பதே என் முடிவு.

விலை பேசுவதில் கடைப்பிடிக்க வேண்டிய நேர்மை வாங்குபவருக்கும் உண்டு. கணவனைக் கடலில் இழந்த பெண் படகை விற்க வரும்போது, எஞ்சின் நன்றாக இருப்பது தெரிந்தும் ‘இது இனி ஓடாதும்மா’ என்று மெக்கானிக்கை விட்டுச் சொல்ல வைப்பவர்கள் இருக்கிறார்கள். கறாராகப் பேரம் பேசலாம். தெரிந்த உண்மையைத் திரித்துச் சொல்லி விலையைக் குறைப்பது திருட்டு. உடைக்க வேண்டிய ஃபைபர் படகை, அப்புறப்படுத்தும் செலவைத் தவிர்க்க ஏழை மீனவர் ஒருவர் தலையில் சில ஆயிரத்துக்குக் கட்டிவிடுவதும் அதே கணக்கில் சேரும். அந்தப் படகு கடைசியில் ஏதோ ஒரு கடற்கரையில் நொறுங்கிக் கிடக்கும்.

மீன்வளத்துறை செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு, கடைசியாக வேலை செய்த டிரைவரும் தொழிலாளர்களும் ‘எங்களுக்குப் பாக்கி இல்லை’ என்று கையெழுத்திட்ட தாளையும், விற்பவர் அமர்த்தாத ஒரு தச்சரும் மெக்கானிக்கும் படகைப் பார்த்து எழுதிய குறிப்பையும் கேட்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் விசைப்படகு உரிமையாளர் சங்கங்களே தொடங்கிவிடலாம். படகு வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தப் படகில் கடைசியாகப் போய்வந்த தொழிலாளர்களைச் சம்மாட்டி இல்லாத இடத்தில் சந்தித்துப் பேசுங்கள். படகின் கோளாறும் அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கியும் அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.